வெர்னாவின் கறுப்பை வெளுத்தவர்கள்

டொராண்டோ போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லோரும் நயாகராவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் நயாகரா பார்க்கவில்லை. அருவி பார்க்கிற மனநிலையில் யாரும் என்னை விட்டுவைக்கவில்லை. போய் இறங்கிய நாள் முதல் எனக்கு வயிற்றெரிச்சல்தான். அதைத்தான் எழுதப்போகிறேன். அருவியைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு கட்டுரை பார்த்துக்கொள்ளலாம்.

திருச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா எல்லாம் எடுப்பேன். மிச்ச நேரத்தில் பெண் புகைப்படக்காரர்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் வெர்னாவின் பழக்கம் ஏற்பட்டது. ஜமைக்காவில் பிறந்து, இளம் வயதில் கனடாவுக்கு வந்தவர். டொராண்டோவில் ஒரு நாளிதழுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போன முதல் கறுப்பினப் பெண். இப்போது எண்பதை நெருங்குகிறார். ஒரு நாள் எனக்கு எழுதினார்: "பெரிய கலைக்கூடம் ஒன்று கடைசியில் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. கண்காட்சி வைக்கிறார்கள். நான் செத்த பிறகு வருவதைவிட இப்போதே வந்துவிடு."

தங்குவதற்கும் அவரே வழி சொன்னார். அவர் எடுத்த பழைய படமொன்றில் இருக்கும் தமிழ்ப் பெண், டொராண்டோவுக்கு வெளியே அஜக்ஸ் என்ற ஊரில் மகளோடு இருக்கிறாராம். அவருக்குத் தகவல் சொல்லிவிட்டாராம். அந்தத் தமிழ்ப் பெண்தான் ரெஜினா அக்கா. மன்னாரில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் புருஷனோடு அகதியாக வந்து, சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான கட்டடங்களில் ஒன்றில் குடியேறியவர். அதே கட்டடத்தில்தான் வெர்னா இருந்தார், இன்றும் இருக்கிறார். செயின்ட் ஜேம்ஸ் டவுன் என்று நான் சொன்னால் ரெஜினா அக்காவுக்குப் புரியவில்லை. ஆகவே நானும் அவர் வாயில் வந்தபடியே சென் ஜேம்ஸ் ரவுண் என்று எழுதுகிறேன்.

"வாங்கோ தங்கச்சி, குளிருக்க நிக்காதேங்கோ," என்று வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். மார்ச் மாதம். பனி உருகி ரோட்டோரமெல்லாம் கறுத்த சேறு. வீட்டுக்குள் புட்டும் மீன் சொதியும் காத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும்தான். மீனோடு புட்டைச் சேர்க்கலாம் என்று இத்தனை வருஷம் எனக்கு ஒருவரும் சொல்லாதது என்ன நியாயம் என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் முறை போட்டுக்கொண்டேன்.

கை கழுவுவதற்குள் அக்கா போனை நீட்டினார். "பாருங்கோ, வெர்னா அக்கா எடுத்த என்ர படம். இப்ப கலரியில வைக்கப்போற படம் இதுதான். கலரிக்காரர் புதுசாச் செய்து அனுப்பினவை. எவ்வளவு வடிவா வந்திருக்கு!"

மகள் ஜெனி அதை அம்மாவின் வாட்ஸ்அப் முகப்பிலும் போட்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் ஜெனி வங்கியில் வேலை செய்கிறாள். "அம்மா லுக்ஸ் லைக் அ மூவி ஸ்டார், இல்லையா அன்ரி?" என்று எனக்கும் அதை அனுப்பினாள்.

நான் படத்தைப் பார்த்தேன். கட்டடத்தின் சலவை அறை. சுவரில் சாய்ந்து நிற்கும் இளம் பெண், தோளில் ஈரப் படுக்கைவிரிப்பு. நிற்கிற நிலை அபாரம். ஆனால் முகத்தில் ஏதோ உறுத்தியது. நீர்ப்பூசணியின் மேல் படிந்திருக்குமே வெண்மை, அப்படி ஒரு பூச்சு முகமெல்லாம் இருந்தது. சுவரும் தலைமுடியும்கூட அதே சாம்பல். எதிரில் உட்கார்ந்திருந்த ரெஜினா அக்காவோ நல்ல கறுப்பு. பளபளவென்ற கறுப்பு. எனக்குப் பழக்கமான வியாதிதான் இது. எங்கள் ஊர் ஆல்பக் கடைகளில் மணப்பெண்ணைக் கேட்காமலேயே நிறத்தை ஏற்றிவிடுவார்கள். "கொஞ்சம் ப்ரைட் பண்ணுங்க" என்று மாமியார்கள் என்னிடம் வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்லி நான் இழந்த கல்யாணங்கள் நிறைய. அந்த வியாதி கடல் தாண்டி ஒரு கலைக்கூடத்துக்கும் வந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. போன் படம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வெர்னாவைப் பார்க்கக் கிளம்பினேன். ரயிலில் நகரத்துக்குப் போய், அங்கே தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் ஏறினேன். பாதி வழியில் ஓட்டுநர் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். வண்டி பழுதாகவில்லை. நேரம் தவறிவிட்டதாம், அதனால் இங்கேயே திரும்பிப் போகிறதாம். ஒரு தாய் குழந்தையையும் குழந்தை வண்டியையும் தூக்கிக்கொண்டு தூறலில் இறங்கினாள். ஊன்றுகோல் வைத்திருந்த ஒருவர் இறங்கினார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் ஓட்டுநரிடம் போய், "டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுரோட்டில் இறக்கிவிடுகிறீர்களே, இது சரியா?" என்று கேட்டேன்.

"மன்னிக்கவும் அம்மா, அடுத்த வண்டி வரும்," என்றார் அவர்.

ஊன்றுகோல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஊருக்குப் புதுசா? எங்களுக்குப் பழகிவிட்டது. உங்களுக்கும் பழகிவிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸைப் பாலத்தின் மேல் நிறுத்தி 'எல்லோரும் இறங்குங்கள்' என்று சொல்லட்டும் பார்க்கலாம். கண்டக்டர் சட்டை முழுதாக வீடு போய்ச் சேராது. இந்த ஊரில் அநியாயத்தைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செய்கிறார்கள். கேட்கிறவர்களும் மன்னித்துவிடுகிறார்கள். மிச்ச தூரத்தை நனைந்துகொண்டே நடந்தேன்.

வெர்னாவின் வீட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் தூக்கலான மசாலா. எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களோடு போன வாசனை. அதற்குள் அவர்கள் சேர்த்த ஒரு மிளகாய் இருக்கிறது, பார்க்கச் சின்னப் பூசணி மாதிரி சாதுவாக இருக்கும். கடித்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வெர்னா கைகொட்டிச் சிரித்தார். உயரமான பெண்மணி. மொட்டையாக வெட்டிய நரைமுடி. அடுப்பங்கரைக் கருங்கல்லைப் போன்ற ஆழ்ந்த கறுப்பு நிறம். அவருடைய சிநேகிதி டோரத்தியும் இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், அவரும் படமெடுப்பவர். குள்ளம். வாய் மட்டும் நீளம்.

சாப்பிட்டுக்கொண்டே வெர்னா தன் கதையைச் சொன்னார். முதலில் அந்த நாளிதழில் வேலை கேட்டுப் போனபோது, அவர் கையிலிருந்த படங்களைப் பார்க்காமலே, துப்புரவு வேலை காலியாக இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். பிறகு படம் கழுவுகிற இருட்டறையில் மருந்துத் தட்டுகளைக் கழுவும் வேலை கிடைத்தது. ஆண்கள் எடுத்து வந்த படங்களை இவர் பிரிண்ட் போட்டார். ஒரு கோடையில் கரீபிய மக்களின் ஊர்வலத்தை எடுக்கப் போன ஆண்கள் திரும்பி வந்து பார்த்தால், தொப்பியும் சிறகும் பளிச்சென்று இருக்கின்றன, முகங்கள் எல்லாம் கரிக்கட்டி. அன்றைக்கு வெர்னாவும் தன் சொந்தக் கேமராவோடு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். அவர் எடுத்ததில் ஒவ்வொரு முகமும் இருந்தது. மறுநாள் முதல் பக்கத்தில் அது வந்தது, 'நமது புகைப்படக்காரர்' என்ற பெயரில்.

"எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"என் கறுத்த புறங்கையில் படுகிற வெளிச்சத்தை அளந்து எடுத்தேன்," என்றார். "அந்த ஆண்கள் பளிச்சென்ற வானத்தை அளந்தார்கள்."

அதற்குப் பிறகுதான் அவர் கையில் நாளிதழின் கேமரா வந்தது. ஆனால் பிரிண்ட் போடும் ஆட்கள் விட்டுவைக்கவில்லை. இவர் எடுத்து வருவதையெல்லாம் 'ரொம்ப இருட்டு' என்று வெளுத்துவிடுவார்கள். தினமும் சண்டை. சண்டை போட்டுச் சலித்து, வேலையை விட்டுவிட்டு, சொந்தக் குளியலறையில் இருட்டறை அமைத்தார். கறுப்பினப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நர்ஸ், பஸ் ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, வீட்டுவேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இங்கே கூடுவார்கள். குளிக்கிற தொட்டியில்தான் பிரிண்டுகளை அலசுவார்கள். தங்களுக்குத் 'தொட்டிக் கூட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எந்தக் கலைக்கூடமும் இவர்களைச் சேர்க்கவில்லை. முடிதிருத்தும் கடையில், சர்ச் நிலவறையில், இதே கட்டடத்தின் சலவை அறையில் துணிக் கிளிப்பால் மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள்.

"எங்களுக்கு ஒரு விதி உண்டு," என்றார் டோரத்தி. "படம் சரியா தப்பா என்று எடுத்தவள் சொல்லக்கூடாது. படத்தில் இருப்பவர் வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிரிண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நாங்கள் முகத்தையும் பார்ப்போம், பிரிண்டையும் பார்ப்போம். 'இது நான்தான்' என்று அவர் சொன்னால்தான் படம் முடிந்தது. இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி இருட்டறைக்குப் போக வேண்டும். இவள் ஒரு மணமகள் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது."

வெர்னா ஓர் உறையிலிருந்து பழைய பிரிண்டை எடுத்து என் முன் வைத்தார். ரெஜினா அக்கா. அதே சலவை அறை, அதே ஈர விரிப்பு. சுவர் ஒரு கறுப்பு, தலைமுடி இன்னொரு கறுப்பு, முகம் வேறொரு கறுப்பு. ஒன்றில் ஒன்று கரையாமல் தனித்தனியாக நின்றன. உயரத்து ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் கன்ன எலும்பில் மட்டும் பட்டு, கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கண்ணில் பயமும் இருந்தது, 'என்ன பார்க்கிறாய்' என்ற திமிரும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெனி அனுப்பியிருந்த படத்தைப் போனில் எடுத்து வெர்னாவிடம் கொடுத்தேன். கலைக்கூடம் மாட்டப்போவது இதுதானாம் என்றேன்.

வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "யார் இந்தப் பெண்?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் நாங்கள் மூவரும் கலைக்கூடத்துக்குப் போனோம். பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தர எனக்கு மனமில்லை. போகிற வழியில் பாதாள ரயில் நிலையத்துக் கடையில் டோரத்தி எனக்கு மாட்டிறைச்சி வைத்த 'பேட்டி' என்ற சூடான பலகாரம் ஒன்று வாங்கித் தந்தார். நம் ஊர் பஃப்ஸின் அண்ணன். நாக்கைச் சுட்டுக்கொண்டேன். "கோபத்தோடு போகும்போது வெறும் வயிற்றோடு போகக்கூடாது," என்றார் டோரத்தி. அவர் இரண்டு சாப்பிட்டார். வெர்னா எதையும் தொடவில்லை.

கண்காட்சியைப் பொறுப்பெடுத்து நடத்துகிற பெண்ணின் பெயர் மேகன். முப்பது வயது இருக்கலாம். வெர்னாவைக் கண்டதும் கண் கலங்கிவிட்டாள். பொய்யில்லை, உண்மையான அன்புதான். அதுதான் எனக்கு இன்னும் கோபமூட்டியது. "திறப்பு விழாவில் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட வேண்டும் என்று காட்டாமல் வைத்திருந்தோம்," என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

நீளமான வெள்ளைச் சுவர். சுவர் முழுக்க ஆளுயரப் படங்கள். மணமகள்கள், பஸ் நிறுத்தத்தில் தூங்கும் தாய்மார்கள், வாடகை உயர்வுக்கு எதிராகக் கொட்டும் பனியில் பதாகை பிடித்தவர்கள், நடுவில் நம் ரெஜினா அக்கா. எல்லோரும் சாம்பல். ஒரே சாம்பல். யாரோ ஒரு மூட்டை கோலமாவை அறைக்குள் ஊதிவிட்டதைப் போல. நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'இருளில் இருந்தவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்.'

வெர்னா கைத்தடியைத் தரையில் ஊன்றி நின்றார். "இவர்கள் இருளில் இருக்கவில்லை," என்றார். "கறுப்பாக இருந்தார்கள். இந்த இரண்டும் வேறு வேறு என்று சொல்லித்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டேன்."

மேகனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் சொன்னதைக் கேட்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வெர்னா நெகட்டிவ்களோடு தன் பிரிண்டுகளிலும் ஒவ்வொரு பிரதியை மாதிரிக்காகக் கொடுத்திருக்கிறார். அவை வயதாகி இருண்டுவிட்டன என்று இவர்கள் முடிவுகட்டி, தனியாக எடுத்துக் கட்டி வைத்துவிட்டார்கள். நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றி, வல்லுநர்களை வைத்து முகங்களை 'மீட்டெடுத்தார்களாம்.' அந்தப் பிரிண்டுகளைக் கொடுத்த வெர்னாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று ஒரு வல்லுநருக்கும் தோன்றவில்லை.

"பார்வையாளர்களுக்கு முகம் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள் மேகன்.

"பழைய பிரிண்டில் எனக்குத் தெரிந்ததே! கிட்டே வந்து, நின்று பார்த்தால் யாருக்கும் தெரியும்," என்று நான் இடையில் புகுந்தேன். என் ஆங்கிலம் கோபத்தில் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறவில்லை.

அதற்குள் டோரத்தி சுவரின் கோடியிலிருந்து சத்தம் போட்டார். குளியலறை வாசலில் ஈரக் கையோடு வெர்னா வாய்விட்டுச் சிரிக்கிற படம் அங்கே இருந்தது. எடுத்தவர் டோரத்தி. கீழே 'வெர்னா, தன்னைத்தானே எடுத்த படம்' என்று எழுதியிருந்தது. "இரண்டு கையும் தெரிகிறது, பார். மூன்றாவது கையாலா எடுத்தாள்?" என்றார். வெர்னா ஒருவரை மட்டும் மேதையாக்கிவிட்டுத் தொட்டிக் கூட்டத்தை அப்படியே துடைத்துவிட்டார்கள். மேகன் அதற்கு மன்னிப்புக் கேட்டாள், பெயரை உடனே மாற்றுவதாகச் சொன்னாள். ஆனால் படங்களை மாற்றுவது முடியாத காரியம் என்றாள். திறப்பு விழா நெருங்கிவிட்டது, அழைப்பு போய்விட்டது, பிரிண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை ஒப்பந்தப்படி கலைக்கூடத்துக்குத்தான்.

வெர்னா கத்தவில்லை. "அப்படியானால் எங்கள் விதிப்படி செய்வோம்," என்றார். "இந்தச் சுவரில் இருப்பவர்களில் பலர் போய்விட்டார்கள். ரெஜினா இருக்கிறாள். அவளை அவள் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்து. இது நான்தான் என்று அவள் சொன்னால், நான் வாயை மூடிக்கொண்டு விழாவுக்கு வருகிறேன். இல்லை என்றால் விழாவைத் தள்ளிவைத்து, என் பிரிண்டுகளைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி போடு."

மேகன் மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். சம்மதம். சம்மதிக்கமாட்டார்களா என்ன? படத்தைப் பார்த்து உருகி, ஜெனி ஏற்கெனவே அவர்களுக்கு நன்றி எழுதிவிட்டாள். இது எனக்கும் தெரியும், வெர்னாவுக்கும் தெரியும். ஒரு பெண்ணின் மொத்த வாழ்நாள் வேலையும் ரெஜினா அக்காவின் ஒரு சொல்லில் வந்து தொங்கியது.

அன்று சாயங்காலம் அஜக்ஸ் திரும்பினேன். எல்லா வீடும் ஒரே அச்சு. கோபத்தில் வீட்டு நம்பர் பார்க்காமல் பக்கத்து வீட்டு மணியை அடித்துவிட்டேன். கதவைத் திறந்த பஞ்சாபிப் பெரியவர், "தமிழ் வீடா? அடுத்தது," என்று கைகாட்டினார். உள்ளே போய் உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் ரெஜினா அக்காவிடம் கொட்டினேன். வெர்னாவின் படங்களை எப்படி வெளுத்தார்கள், என்ன விதி, நாளை என்ன கேட்பார்கள் என்று எல்லாம். பழைய பிரிண்ட் எவ்வளவு அழகு என்றும் சொன்னேன்.

அக்கா தோசைக்கல்லைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தப் படத்தின்ர கொப்பி வெர்னா அக்கா அப்பவே தந்தவ. நான் ஒருநாளும் சுவரில கொழுவேல்லை. வீடு மாறேக்க எங்கயோ துலைஞ்சுபோச்சு."

"அன்றைக்கு அவர் பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்டபோது, நான்தான் என்றுதானே சொன்னீர்கள்?"

"ஓம், சொன்னனான். அக்கா அவ்வளவு ஆசையாக் கேக்கேக்க வேற என்ன சொல்லுறது?" தோசையைத் திருப்பிப் போட்டார். "தங்கச்சி, எனக்குக் கலியாணம் பேசேக்க மூண்டு இடம் நிறத்தாலதான் குழம்பினது. மாமி செத்துப்போகுமட்டும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை, கறுப்பி எண்டுதான். கலியாணப் படத்திலகூடப் பவுடர் அப்பித்தான் எடுத்தவை. என்ர வாழ்க்கையில ஒருக்கா நான் வெள்ளையா வந்திருக்கிறன். அதையும் விடமாட்டியளோ?"

நான் விடவில்லை. "உங்களைக் கறுப்பி என்று சொன்னவர்களோடு சேர்ந்துகொண்டு உங்கள் முகத்தை நீங்களே அழிப்பீர்களா?" என்று குரலை உயர்த்தினேன். மாமியார்களிடம் பேசுகிற அதே குரல்.

ஜெனி இடையில் வந்தாள். "அன்ரி, ப்ளீஸ். அது அம்மாவின்ர ஃபேஸ். ஷி கெட்ஸ் டு டிசைட். வெர்னாவும் இதைத்தானே சொல்லுறா?"

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால் இன்னும் எரிச்சல். மேகன்மேல் இருந்த கோபம் போதாதென்று, மன்னாரிலும் திருச்சியிலும் பெண் பார்க்க வந்த அத்தனை மாமியார்கள்மேலும், பவுடர் அப்பிய அத்தனை போட்டோகிராபர்கள்மேலும் கோபம் வந்தது. அக்கா என் தட்டில் தோசையை வைத்துவிட்டு, தேங்காய்ச் சம்பலை நகர்த்தினார்.

மறுநாள் ஜெனியின் காரில் போனோம். 401 நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, நான் மட்டும் காருக்குள் புலம்பினேன். ரெஜினா அக்கா நீலப் பட்டுச் சேலை கட்டி, முகத்தில் பவுடர் போட்டிருந்தார். கழுத்தும் முகமும் வேறு வேறு நிறம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கலைக்கூடத்தில் வெர்னாவைக் கண்டதும் அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "அக்கா" என்று கூப்பிட்டார். வெர்னாவும் ரெஜினாவைச் சுருக்கி "ஜீனா, ஜீனா" என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவரைப் படத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினார். தன் பழைய பிரிண்டைக் கையில் வைத்திருந்தாலும் அதைக் காட்டவில்லை, ஒரு வார்த்தை வாதாடவில்லை. ஒதுங்கி நின்றுகொண்டார்.

"இது நீங்கள்தானா?" என்று மேகன் கேட்டாள்.

ரெஜினா அக்கா அண்ணாந்து தன்னைப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு வந்தது. "யெஸ்," என்றார். "மீ."

டோரத்தி சத்தமாக ஏதோ சொன்னார். அச்சில் போட முடியாது. வெர்னா தலையசைத்தார். "அவள் சொல்லிவிட்டாள். விதி விதிதான்," என்று பிரிண்டை உறைக்குள் போட்டார். எனக்கு அழுகை வந்தது. ரெஜினா அக்காவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. மேகன் நிம்மதியாக மூச்சுவிட்டு, எல்லோருக்கும் காப்பி சொல்லட்டுமா என்று கேட்டாள்.

அக்காவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு போனார். "இஞ்ச எங்கயோ வெர்னா அக்காவின்ர படமும் இருக்காம், எங்க?" என்று கேட்டார். ஜெனி கோடியைக் காட்டினாள். குளியலறை வாசலில், ஈரக் கையோடு சிரிக்கும் வெர்னா.

அக்கா அதன் முன் போய் நின்றார். படத்தைப் பார்த்தார். திரும்பி வெர்னாவைப் பார்த்தார். மறுபடி படத்தை. சிரிப்புப் போய்விட்டது.

"உது அக்கா இல்லை," என்றார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் விறுவிறுவென்று வந்து வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "பாருங்கோ! உந்த நிறமோ இவ? நான் வந்த புதுசில, என்ர மனுசன் பக்ரரி வேலைக்குப் போனாப்பிறகு, பயத்தில கதவைத் திறக்காமல் கிடந்தனான். கதவைத் தட்டிச் சாப்பாடு தந்தவ இவ. கதவுச் சங்கிலிக்குள்ளால நான் முதல் முதல் கண்ட முகம். எனக்குத் தெரியாதோ இவவின்ர நிறம்? சாம்பல் அள்ளிப் பூசி வச்சிருக்கிறியள்! ஆர் உங்களைக் கேட்டது?"

ஜெனி கூச்சத்தோடு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மேகன் குழம்பிப்போய், "எல்லாப் படங்களுக்கும் ஒரே முறையைத்தான் கையாண்டோம். உங்கள் படத்துக்கும் இதையேதான் செய்தோம். உங்களுக்குப் பிடித்திருந்ததே?" என்று கேட்டாள்.

ஜெனி அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். தேவைப்படவில்லை, அக்காவுக்கு விளங்கிவிட்டது. சுவரின் நடுவில் இருந்த தன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். கலைக்கூடத்து வெளிச்சத்தில் அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு வடிவாக அது அங்கே நின்றது. அக்காவின் கண் நிறைந்து, பவுடரில் இரண்டு கோடு இறங்கியது. வெர்னா, "வேண்டாம் ஜீனா, உனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்," என்று அவர் கையைப் பிடித்தார். அக்கா கையை உதறினார். வெர்னாமேலும் கோபம், என்மேலும் கோபம், மேகன்மேலும் கோபம். எல்லோருமாகச் சேர்ந்து தன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. அது உண்மைதான்.

"கழட்டச் சொல்லு," என்றார் ஜெனியிடம்.

"வெர்னாவின்ர படத்தையோ?"

"ரெண்டையும். எல்லாத்தையும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "இவவுக்கு இங்கிலீசில வடிவாச் சொல்லு பிள்ளை. நான் கறுப்பிதான். கறுப்பியாவே வைக்கட்டும். ஆனா இதைவிடப் பெரிசா வைக்கச் சொல்லு."